ரெவ. பார்ட்டி

வினோலியாவுக்கு இங்கிலீஷ் தெரியும். அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம். தெரியாதவளாக இருந்தால் அந்தக் கடுதாசியை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் கட்டிக் காத்த ரகசியமும் பிழைத்திருக்கும், இரண்டு வெள்ளாட்டுக் கிடாயும் பிழைத்திருக்கும்.

அஞ்சல் வழியில் பி.காம். படித்தவள். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில், பெட்டி அடைக்கிற முப்பது பெண்களைக் கட்டி மேய்க்கிறவள். கயத்தாறு சாலையிலிருந்து பருத்திக்காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற அவள் ஊர்ச் சபையில், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். கமிட்டிக்கு இங்கிலீஷில் ஒரு தாள் வந்தால் மற்றவர்கள் எல்லாரும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். அவள் மட்டும் எழுந்து நிற்பாள். அப்படி ஒரு பெருமை. பெருமைப்படுகிறவர்களைத்தான் எழுத்துப்பிழை தேடி வந்து கடிக்கும்.

கடுதாசி எழுதியவன் செண்பகராஜ். கோவில்பட்டியில் கல்யாண வீடு, சடங்கு வீடு, புதுமனை புகுவிழா என்று வீடியோ எடுக்கிற பையன். சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாகத் திரிகிறவன். ‘வருகிற சனிக்கிழமை மதியம் உங்கள் சபைக்கூடத்தில் ரெவ் பார்ட்டி ஷூட் செய்ய அனுமதி வேண்டுகிறோம். அறுபது வாலிபர்கள் கலந்துகொள்வார்கள். இசையும் ஆட்டமும் உண்டு’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். அவன் எழுத நினைத்தது ரேவ் பார்ட்டி. ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் விடிய விடியக் குதித்து, மாத்திரை முழுங்கி, விடிந்ததும் போலீஸ் பிடித்தது என்று பத்திரிகையில் வருமே, அந்த ரேவ். அதில் ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’யைப் போட்டு, கடைசியில் நிற்க வேண்டிய ‘ஈ’யை முழுங்கிவிட்டான், பாவி.

சபையில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆர், ஈ, வி என்று மூன்றெழுத்தைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால் என்ன தோன்றும்? கல்வெட்டில், கல்யாணப் பத்திரிகையில், கல்லறையில் எல்லாம் குருவானவர் பேருக்கு முன்னால் நிற்கிற ரெவ. தானே தோன்றும்! கணீரென்று வாசித்தாள்: “ரெவரெண்ட் பார்ட்டி. நம்ம புது ஐயருக்கு விருந்து வச்சு வீடியோ எடுக்கப் போறாவளாம்.”

ஐயர் என்றால் அந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவர்தான். ரூபஸ் ஐயர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழைய ஐயரை வழியனுப்பிய களைப்பில் புதியவருக்கு ஒரு மாலை கூட யாரும் போடவில்லை. மூத்தவர் ஜெபமணி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“யாரோ கோவில்பட்டிக்காரப் பய, நம்ம சபையும் இல்ல, அவன் செய்யுதான். நாம பாத்துக்கிட்டு இருக்கமே. வெக்கமா இல்ல?”

எல்லாருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. கூடம் இனாம், கூடவே சபையார் செலவில் அசனம் என்று தீர்மானம் ஆனது. அசனம் என்றால் ஊரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்பது. ஐயருக்கு மூச்சுக் காட்டக்கூடாது, எல்லாரும் வெள்ளை உடுத்தி வர வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

வினோலியாவுக்கு உள்ளுக்குள் இன்னொரு சந்தோஷம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் தன் மகன் பெனோ இருப்பான் என்று அவளுக்குப் பட்டது. மூன்று மாதமாக அவன் செண்பகராஜோடுதான் ‘சவுண்டு பாக்கேன்’ என்று போய் வந்துகொண்டிருந்தான்.

பெனோவின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டிப்ளமா முடித்து, பெங்களூரில் ஒலிபெருக்கி வைக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். பண்ணை வீடுகளில் பார்ட்டி. விடிய விடிய முழித்திருந்து வயர் பார்க்க வேண்டும். முழித்திருக்க ஒரு மாத்திரை, பிறகு தூங்க ஒரு மாத்திரை, பிறகு எதற்கென்றே தெரியாமல் மாத்திரை. ஒரு நாள் அவன் அப்பா வேதமுத்து தன் லோடு வேனை எடுத்துக்கொண்டு போய், எலும்பும் தோலுமாகப் பின்னால் படுக்கப் போட்டுக் கூட்டிவந்தார். மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் தொண்ணூறு நாள்.

ஊருக்கு என்ன சொல்ல? கண் மஞ்சளாகத்தான் இருந்தது. “மஞ்சக்காமாலை” என்றாள் வினோலியா. சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும் என்று. காமாலைக்காரன் எண்ணெய் தொடலாமா? கறி தின்னலாமா? ஊர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. ஒரு வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும், எந்த அசனத்திலும் பெனோவின் இலையில் தயிர்ச்சோறுதான் விழுந்தது. அது போதாதென்று பக்கத்து வீட்டு சுந்தரேஸ்வரி. பருத்திக்குக் களை எடுக்கப் போகிறவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வரப்போரத்தில் ஒரு பிடி கீழாநெல்லி பிடுங்கி வந்து, மோரில் அரைத்து, அவன் குடித்து முடிக்கிறவரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பாசக்காரிதான், என்ன செய்ய? அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பான்.

மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே வினோலியா கை வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கதவருகில் நிற்பாள். செண்பகராஜ் வந்து கூப்பிட்ட பிறகுதான் காலையில் குளித்துச் சட்டை மாற்றினான். அவளுக்கு இரண்டே வேண்டுதல்தான். பிள்ளை மறுபடி அந்த அறைக்குள் போய்விடக்கூடாது; ஏன் போனான் என்று ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள், யார் வீட்டுக்குள் விடுவார்கள்? ஊர்ப் பேச்சே அவனைப் பழைய குழியில் தள்ளிவிடும். இரண்டும் ஒரே வேண்டுதல் என்றுதான் அவள் அந்தச் சனிக்கிழமை வரை நினைத்திருந்தாள்.

கமிட்டி முடிந்து வந்த அன்று சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பெனோ அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

“எம்மா, அந்தக் கடுதாசிய கமிட்டில வாசிச்சாவளா?”

“நாந்தாம்லே வாசிச்சேன்.”

அவன் முகம் வெளுத்தது. “அப்ப ஒனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சா?”

“எழுத்து எழுத்தா வாசிச்சிட்டேன். எனக்குத் தெரியாம நடத்திரலாம்னு பாத்தியளோ?”

“ஒனக்கு வருத்தம் இல்லையாம்மா?”

“எதுக்குலே வருத்தம்? நல்ல காரியம். நாமளே எப்பமோ செஞ்சிருக்கணும். இப்பிடி மூடி மூடி வச்சு, வெக்கப்பட்டுக்கிட்டுச் சும்மா இருந்துட்டோம்.”

பெனோ அப்படியே அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘ஐயருக்கு ஒரு விருந்து வைக்க இந்தப் பிள்ளை இப்படி உருகுதே, ஆண்டவர் தொட்டுட்டார்’ என்று அவளும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். எண்ணெய் இல்லாத தோசை ஏழு தின்றான் அன்று. அசனத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. அவன் ஒன்றை மறைத்தானே, நாமும் ஒன்றை மறைப்போம் என்று ஒரு விளையாட்டு.

சனிக்கிழமை வந்தது. ஜெபமணி அண்ணாச்சி களத்தில் கறி கொதித்தது. சுந்தரேஸ்வரி அவள் பங்குக்கு வந்து ஒரு மூட்டை உள்ளி வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். வினோலியா நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில், ‘வருக வருக’ என்று எழுதிய பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டரை மணிக்கே கூடத்துக்குப் போனாள்.

ஜன்னலெல்லாம் பஞ்சு குடோனில் போடுகிற கறுப்புத் தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே நுழைந்தால் பட்டப்பகலில் கும்மிருட்டு. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. சீரியல் பல்பு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு நிறையப் பச்சையும் சிவப்புமாகச் சீரக மிட்டாய். ‘ஐயருக்குச் சீரக மிட்டாயா? வேற நல்ல மிட்டாயே கிடைக்கலையா கோவில்பட்டில?’ என்று நினைத்துக்கொண்டே அடி எடுத்து வைத்தவள், நடுக்கூடத்தில் ஒரு பையன் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தாள்.

“ஏசுவே! வலிப்பு!” என்று பேனரைப் போட்டுவிட்டு ஓடினாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவன் கையில் திணித்து, “இறுக்கிப் பிடிய்யா, இறுக்கிப் பிடி” என்று அழுத்தினாள். கிடந்த பையன் சட்டென்று கண்ணைத் திறந்து, “யாரு ஆன்ட்டி நீங்க?” என்றான்.

“கட்” என்றான் இருட்டுக்குள் செண்பகராஜ்.

அப்புறம் காதில் ஹெட்போனோடு பெனோ வந்தான். அவளை எழுப்பி நிறுத்தி, “எம்மா, அது நடிப்பு. இது சதீஷ்குமார். ஹீரோ” என்றான். சொல்லிவிட்டு அந்தப் பையன் பக்கம் திரும்பினான். “ஆனா எங்கம்மையே வலிப்புன்னு நெனச்சிட்டா பாத்தியா. இவ்வளவு இழுக்கக்கூடாது தம்பி. சத்தமே இருக்காது. தாடை இறுகிக்கிடும். தண்ணி தண்ணின்னு கேக்கத் தோணும், நாக்கு வராது. பக்கத்துல ஆடுதவன் நீ சிரிக்கேன்னு நெனச்சிக்கிட்டு அவனும் சிரிப்பான். அதான் பயம். புரியுதா?”

“சரிண்ணே” என்றான் சதீஷ்குமார். கேமராக்காரர், லைட் பிடிக்கிறவன், செண்பகராஜ் எல்லாரும் பெனோ வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறு நாளில் டாக்டரிடம் கூடச் சொல்லாததை அவன் கூட்டத்துக்கு நடுவில் நின்று கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினான். குரல் நடுங்கவில்லை. வினோலியாவுக்குப் பெருமைப்படுவதா, நெஞ்சிலடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அப்போதுதான் ஒருவன் கையிலிருந்த கிளாப் கட்டையைப் பார்த்தாள். படத்தின் பேர் சாக்பீசில் எழுதியிருந்தது: கீழாநெல்லி.

“இது என்னலே?”

“படத்தோட பேரும்மா. நாந்தான் வச்சேன்.” அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் பேச்சு தடுமாறியது. “நீதான் கடுதாசி வாசிச்சேன்னு சொன்னியே.”

“ரெவரெண்ட் பார்ட்டின்னுலா வாசிச்சேன்!”

“ரேவ், ம்மா.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் அழுத அழுகை இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. பெனோ ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். “அப்ப ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா?” என்று கேட்ட குரல், சாத்திய கதவுக்குள்ளிருந்து வருகிற பழைய குரல்.

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு, மாலையும் சால்வையுமாக ரூபஸ் ஐயரை முன்னால் விட்டு, வெள்ளையும் சொள்ளையுமாக எண்பது பேர் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது என்ன? புகை. சிமிட்டுகிற பல்பு. கிழிந்த ஜீன்ஸில், ஹீரோவோடு சேர்த்துப் பதினோரு பையன்கள். கோவில்பட்டிக் கல்லூரியிலிருந்து அறுபது பேர் வருவதாக இருந்தது; திடீரென்று பரீட்சை என்று ஐம்பது பேர் கழன்றுகொண்டார்கள். பேண்டு வாத்தியம் பாதி அடியில் நின்றது.

ஜெபமணி அண்ணாச்சி தட்டிலிருந்த மிட்டாயை எடுத்து முகர்ந்தார். “என்னலே இது?”

“போதை மாத்திரைங்க” என்றான் லைட் பிடிக்கிறவன், வெகுளி. “அதாவது, படத்துல.”

அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! “ஆண்டவரு ஆலயத்துக் கூடத்துல போதை மாத்திரையா? ஏலே செண்பகராஜ், ஐயருக்குப் பார்ட்டின்னு எழுதி ஏமாத்தி, நம்ம பிள்ளையளக் கெடுக்கப் பாக்குதியா? நம்ம ஊருல எந்தப் பயலுக்குலே இந்தக் கருமாந்திரம்லாம் தெரியும்? இல்லாததக் கொண்டாந்து காட்டுத! எடுலே எல்லாத்தையும். அஞ்சு நிமிசத்துல கூடம் காலியாகணும்.”

“அண்ணாச்சி, கேமரா நாளைக்குக் காலையில மதுரைக்குப் போயாகணும். இது ஒண்ணுதான் பாக்கி. இது இல்லைன்னா படமே இல்லை” என்று செண்பகராஜ் கையெடுத்துக் கும்பிட்டான்.

“இல்லாட்டா போட்டும்!”

பெனோ திரும்பிக்கொண்டான். ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து, வயரைச் சுற்ற ஆரம்பித்தான். மெதுவாக, சுற்றின்மேல் சுற்றாக. அவன் தோள் இறங்கிக்கொண்டே போவதை வினோலியா பார்த்தாள். இன்னும் கால் மணி நேரத்தில் வீட்டுக்குப் போவான். அந்தக் கதவைச் சாத்துவான். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ரகசியம் பத்திரமாக இருக்கும், கதவுக்கு உள்ளே பிள்ளையும் கிடப்பான். ஒரே வேண்டுதல் என்று நினைத்தது இரண்டாக உடைந்து அவள் முன்னால் கிடந்தது. எது வேண்டும் என்று கேட்டால் எந்தத் தாய் யோசிப்பாள்? ஆனாலும் அவள் யோசித்தாள். ஒரு வருடம் கட்டிக் காத்தது அல்லவா.

“எம் மவனுக்குத் தெரியும், அண்ணாச்சி” என்றாள்.

“என்னது?”

“எந்தப் பயலுக்குத் தெரியும்னு கேட்டியள்லா? எம் மவனுக்குத் தெரியும். பெனோவுக்கு மஞ்சக்காமாலைன்னு நான் சொன்னது பொய். பெங்களூருல மாத்திரைப் பழக்கம். சாகக் கெடந்தான். மதுரைல வச்சு வைத்தியம் பாத்தோம். இப்பம் ஒரு வருசமாத் தொடல. இந்தப் படம் அவங் கதை. இதுல நின்னுதான் எம் பிள்ளை வாய் தொறந்து பேசுதான். நீங்க கூடத்தப் பூட்டணும்னா பூட்டுங்க. நான் எங்க வீட்டக் காலி பண்ணித் தாரேன், அங்கன வச்சு எடுக்கட்டும்.”

சுற்றிய வயரைக் கையில் பிடித்தபடி பெனோ நின்றான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்க்க முடிந்தது. அந்த அமைதி வினோலியாவுக்குத் தாங்கவில்லை. யாராவது திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்றிருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுந்தரேஸ்வரி வந்தாள். உள்ளி உரித்த கை, கண்ணெல்லாம் சிவப்பு.

“ஏட்டி வினோலியா! ஒரு வருசமாட்டி! வெயில்னு பாக்காம, மழைன்னு பாக்காம, வரப்பு வரப்பாக் குனிஞ்சு இடுப்பு ஒடியப் பிடுங்குனனே! பாம்பு கெடக்குற பொந்துலல்லாம் கைய விட்டேன்! எங்கிட்டச் சொல்லப்பிடாதா? நான் என்ன அடுத்தவளா?” என்றவள், பெனோ பக்கம் திரும்பினாள். “ஏலே, அவதான் சொல்லல. நீயாவது சொல்லலாம்ல? அம்புட்டையும் குடிச்சியாலே?”

“குடிச்சேன் பெரியம்மா.”

“கசந்து கொடலப் பெரட்டுமே. எப்பிடிலே குடிச்ச?”

“மூக்கப் பிடிச்சிக்கிட்டுத்தான்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அம்மை நோய் மாதிரி பரவியது. சுந்தரேஸ்வரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளி வாசம் அடிக்கிற அந்தக் கையாலேயே அவன் கன்னத்தைத் தடவினாள். வினோலியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் ஐயர் நினைவு வந்தது. மாலையோடு அப்படியே நின்றிருந்தார் பாவம்.

“அப்போ இது எனக்கு இல்லையா?” என்று கேட்டார் ரூபஸ் ஐயர். “சால்வையப் பாத்ததும் வரவேற்புன்னு புரிஞ்சுக்கிட்டு, வார வழியிலேயே மனசுக்குள்ள ஏற்புரை எல்லாம் தயார் பண்ணிட்டேனே!”

ஜெபமணி அண்ணாச்சி, “ஐயரே, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது முறையா?” என்றார். குரலில் முன்னிருந்த காரம் இல்லை.

ஐயர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். “அண்ணாச்சி, நான் இதுக்கு முன்னால இருந்த சபையில மூணு வாலிபப் பிள்ளைகளை அடக்கம் பண்ணினேன். மூணுக்கும் நெஞ்சுவலின்னு சொன்னாங்க. நானும் நெஞ்சுவலின்னே ஜெபம் பண்ணினேன்.” பெனோவைப் பார்த்து, “தம்பி, எத்தனை பேர் வேணும் உங்களுக்கு?” என்றார்.

“அறுபது பேர், ஐயரே.”

ஐயர் திரும்பி, வாசலை அடைத்து நின்ற வெள்ளைக் கூட்டத்தைப் பார்த்தார். “அஞ்சு மணிக்கு முடிச்சிரணும். ஆறு மணிக்கு ஜெபக்கூட்டம் இருக்கு.”

“நான் ஆட மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்” என்றார் அண்ணாச்சி. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

செண்பகராஜுக்கு இன்னொரு கவலை. “வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலைல யாருண்ணே ரேவ் பார்ட்டிக்குப் போவா?” என்று பெனோவின் காதைக் கடித்தான். பெனோ போய், திருநெல்வேலியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்திருந்த ஊதா டியூப் லைட் இரண்டையும் போட்டான். மற்ற விளக்கை அணைத்தான்.

ஆஹா! சோப்புத்தூள் போட்டு வெளுத்த ஒவ்வொரு சட்டையும், ஒவ்வொரு சேலையும் இருட்டுக்குள் பளீரென்று எரிந்தது. முகம் தெரியவில்லை, எண்பது வெள்ளை உடுப்பு அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் “ஏ!” என்று கத்தினார்கள். கேமராக்காரர், “இதுக்குச் சென்னையில லட்சக்கணக்குல செலவழிப்பாங்கய்யா” என்று முணுமுணுத்துக்கொண்டே கேமராவைத் தோளில் தூக்கினார்.

ஆனால் ஆடச் சொன்னால் வாலிபர் சங்கம் மரமாக நின்றது. இந்த மாதிரிப் பாட்டுக்கு எப்படி ஆடுவது என்று யாருக்குத் தெரியும்? பெனோ ஒரு நாற்காலிமேல் ஏறினான்.

“டிசம்பர் மாசம் ராத்திரி ராத்திரியா வீடு வீடாப் பாடிக்கிட்டு கேரல் ரவுண்ட்ஸ் போவியள்லா? மொத நாள் இல்ல, மூணாவது நாள். தூங்கிருக்க மாட்டிய. தொண்டை கட்டிருக்கும். கால் தன்னால ஆடும், எந்த வீட்டு வாசல்னே தெரியாது. நிப்பாட்டணும்னு தோணும், நிப்பாட்ட முடியாது. அப்பிடி ஆடுங்க.”

அது எல்லாருக்கும் புரிந்தது. தாள அடி விழுந்தது. ஆடினார்கள் பாருங்கள்! ஐக்கிய சங்கத்துப் பெண்கள் முதலில் ஓரமாகக் கை தட்டினார்கள். இரண்டாவது டேக்கில் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். சுந்தரேஸ்வரி குலவையே போட்டாள். “குலவை வேண்டாம் பெரியம்மா” என்று மைக்கில் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணாச்சி சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் அவர் செருப்பு மட்டும் தாளம் தவறாமல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் சதீஷ்குமார் சத்தமில்லாமல் தாடை இறுகி மெல்ல மெல்லச் சரிந்தான். பக்கத்தில் ஆடியவன் சிரித்தான். வினோலியா அதைப் பார்த்தாள். தன் பிள்ளை எந்த இடத்தில், எத்தனை பேருக்கு நடுவில், எவ்வளவு தனியாக விழுந்து கிடந்திருக்கிறான் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செண்பகராஜ் “கட்” என்று சொன்னதும் பெனோ ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“முடிஞ்சிருச்சும்மா” என்றான். அவள் அவன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் களத்தில் பந்தி. கை கழுவுகிற குழாயடியில், பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கிற ஒருத்தி வினோலியாவை உரசிக்கொண்டு நின்றாள். பேரைச் சொன்னால் நன்றாக இருக்காது. தண்ணீரைத் திறந்துவிட்டுச் சத்தத்துக்குள்ளே பேசினாள்.

“அக்கா, அந்த மதுரை டாக்டர் நம்பர் இருக்கா?”

“இருக்கு. யாருக்கு?”

“எங்க வீட்டுல டைபாய்டு” என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “எட்டு மாசமா.”

வினோலியா ஈரக் கையாலேயே போனை எடுத்தாள். “நம்பர் தாரேன். போவும்போது சொல்லு, நானும் கூட வாரேன்” என்றாள்.

பந்திக்கு வந்து பார்த்தால், பெனோ பழக்கதோஷத்தில் கடைசி இலைக்குப் போய் உட்கார்ந்திருந்தான். தயிர்ச்சோறு விழுகிற இடம் அதுதான். பக்கத்து இலையில் சுந்தரேஸ்வரி. ஜெபமணி அண்ணாச்சி தாமே கறி வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக ஊற்றி வந்தார். பெனோ இலைக்கு வந்ததும், ஒரு வருடப் பழக்கம், ‘பத்தியக்காரன்’ என்று தாண்டிப் போய்விட்டார். நாலு எட்டு போனவர் நின்றார். திரும்பி வந்தார். கரண்டியை வாளிக்குள் விட்டுத் துழாவினார். பெனோவின் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தார்.

“ஏலே, எலும்பா, கறியா?”

பெனோ தலையை நிமிர்த்தி, பந்திக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

“ரெண்டும் வைங்க அண்ணாச்சி!” என்றாள் வினோலியா, ஊருக்கே கேட்கிற மாதிரி.

வைத்தார். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, போதும் போதும் என்று பெனோ கை மறித்த பிறகும் ஒரு கரண்டி. பெனோ முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தான். ஒரு வருடம் உப்பும் உறைப்பும் மறந்த நாக்கு. புரையேறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரத்துக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு என்று யார் கண்டது?

சுந்தரேஸ்வரி அவன் உச்சந்தலையில் தட்டி, தன் டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். அவன் டம்ளரையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

“குடிலே, பயப்படாத” என்றாள் அவள். “வெறும் தண்ணிதான்.”